துடைப்பம் எடுக்கும் முன் தண்ணீர்

குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டால், கோயிலில் முதலில் தொடங்கும் வேலைகளில் ஒன்று கோபுரத்துக்குள் ஏறிச் சுத்தம் செய்வது. பல ஆண்டுகளாக ஆள் நுழையாத நிலைகள் அவை. ஏணியில் ஏறித் தலையை உள்ளே நீட்டினாலே நெடி கண்ணைக் கரிக்கும். தரையெங்கும் வௌவால் எச்சம். மிதித்தால் பொடியாகும், பொடிக்குள் பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். கூலிக்கு வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார். விளக்குமாற்றால் கூட்டி, சாக்கில் அள்ளி, கயிறு கட்டிக் கீழே இறக்குகிறார். மாடத்து வழியே விழும் வெயிலில் தூசி புகைபோல எழுந்து நிற்கிறது. பொழுது சாயும்வரை அவர் மூச்சு வாங்குவது அந்தத் தூசிக்குள்தான்.

இந்த வேலையை இப்படிச் செய்யவைப்பதை அரசு நிறுத்த வேண்டும். வௌவால், புறா, எலி ஆகியவற்றின் காய்ந்த எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்குவதை, அரசு செலவிலும் கோயில் செலவிலும் நடக்கும் எல்லாப் பணிகளிலும் தடைசெய்ய வேண்டும்.

எச்சம் கிடந்த இடத்தில் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அதைக் கிளறும்போதுதான் வினை. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் ஊறிய மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை செழித்து வளரும். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கக்கூடியவை. மூச்சில் போன மூன்று நாளிலிருந்து இரண்டரை வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், உடல் அசதி தலைகாட்டலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அல்லது தானே சரியாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், நிறைய தூசியை இழுத்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் நோய் கடுமையாகும். நாட்பட்ட வடிவத்தில் அது காசநோயைப் போலவே இருக்கும். எக்ஸ்ரேயிலும் அப்படியே ஏமாற்றும். இந்தியாவில் கங்கைச் சமவெளியில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது என்றாலும் தென் மாநிலங்களிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். இருமலோடு வரும் கூலித் தொழிலாளியிடம் ‘வௌவால் எச்சம் அள்ளினீர்களா’ என்று எத்தனை மருத்துவர்கள் கேட்கிறார்கள்? கேட்காத நோய் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராததைக் காட்டி, ‘நம் ஊரில் அதெல்லாம் இல்லை’ என்று சொல்லிவிடுவது நமக்குப் பழகிப்போன வழி.

புறா எச்சத்தின் கதை வேறு. அதில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய் விடும். எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கி, காலப்போக்கில் தழும்பேற்றிவிடும். மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூட மகாராஷ்டிர அரசு 2025-இல் முடிவெடுத்ததும், தாதரில் போராட்டம் வெடித்ததும், வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்ததும் செய்தியாயின. தீனி போடலாமா கூடாதா என்று ஊரே வாதாடியது. அந்த எச்சத்தைத் தினமும் கூட்டுகிறவரைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

துடைப்பம் ஒரு ஆளைக் கொல்லக்கூடும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. 1993-இல் நியூ மெக்சிகோ, அரிசோனாவை ஒட்டிய பகுதியில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். மான் எலி என்று அங்கே அழைக்கப்படும் ஒரு சுண்டெலியின் எச்சத்திலும் சிறுநீரிலும் இருந்த ஹந்தா வைரஸ்தான் காரணம். பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து பெருக்குவதே அந்தக் கிருமி பரவும் முக்கியமான வழிகளில் ஒன்று என்பது தெரியவந்தது. 2012-இல் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு அதே நோய் வந்து 3 பேர் இறந்தார்கள். கூடாரங்களின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே எலிகள் கூடு கட்டியிருந்தன. அந்த எலி நம் நாட்டில் இல்லை. ஆனாலும், ஹந்தா குடும்பத்து வைரஸ் ஒன்று 1964-இலேயே வேலூரில் ஒரு மூஞ்சூறிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தொட்டப்பாளையம் என்று அந்தப் பகுதியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அது மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எங்கோ இருக்கிற விஷயம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஹந்தாவுக்கு அமெரிக்க அரசு சொன்ன வழிமுறை எளிமையானது. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். எலிப்புழுக்கை மீது பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். பெருக்காதீர்கள். வௌவால், பறவை எச்சக் குவியல்களில் வேலைசெய்வோருக்கென்று அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1997-இலேயே தனிக் கையேடு போட்டது. அதன் சாரமும் இதுதான்: தூசி கிளம்பாதபடி மெல்ல நனை, பிறகு அள்ளு, உரிய முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதே. நம் வீட்டுப் பெண்கள் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குகிறார்கள். அந்த ஞானம் நமக்குப் புதிதல்ல. கோபுரத்தில் மட்டும் அது மறந்துபோவதற்குக் காரணம், நான்காம் நிலைவரை தண்ணீர் ஏற்ற ஆள் கூலி எஸ்டிமேட்டில் இல்லை என்பதுதான்.

எலி விஷயத்தில் ஈரமும் நம்பத்தக்கதல்ல. 2018 வெள்ளம் வடிந்தபின் கேரளத்தில் வீடுகளைச் சுத்தம் செய்யச் சேற்றில் இறங்கியவர்களை எலிக்காய்ச்சல் தாக்கியது. எலியின் சிறுநீர் கலந்த சேறு, காலில் இருக்கும் சிறு வெடிப்பு, அவ்வளவு போதும். அந்த அரசு சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தது. மழைக்குப் பின் நம் ஊர்க் கால்வாய்களில் இறங்குவோருக்கு இதைச் செய்ய என்ன தயக்கம்? முழங்கால்வரை பூட்ஸ் கொடுத்தால் அதை அணிகிறார்களா என்று மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவைப் பற்றியது. விலங்கின் எச்சத்தை அள்ளுகிறவர் அதன் வரம்புக்குள் வரமாட்டார். ஆனால் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் உள்ள வேலையில் வரும் நோயைத் தொழில் நோயாக ஏற்கிறது. அதாவது, கோபுரத்தில் எச்சம் அள்ளி நோய் வாங்கியவர் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. கேட்பதற்கு அவர் கையில் ஒரு சீட்டு வேண்டும்: எந்த நாளில், எந்தக் கோயிலில், யாரிடம் வேலைபார்த்தார் என்று. காண்டிராக்டரின் மேஸ்திரியிடம் நாள்கூலிக்கு வந்தவரிடம் அந்தச் சீட்டு இருப்பதில்லை. அதனால் வேலைக்கு வருவோரின் பெயர்ப் பதிவேட்டையும் கட்டாயமாக்க வேண்டும்.

‘வௌவாலையே விரட்டிவிட்டால் வேலை முடிந்தது’ என்பார்கள். கூடாது. கோயில்களில் அடையும் துரிஞ்சில்கள் என்ற சிறு வௌவால்கள் ராத்திரி முழுக்கப் பூச்சி தின்பவை. அவற்றைப் புகைபோட்டு விரட்டினால் அடுத்த மண்டபத்துக்குப் போகும், எச்சம் மட்டும் இங்கேயே கிடக்கும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின், வெளியே போன நேரம் பார்த்து வலை அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கலாம். அதற்கு வனத்துறையின் யோசனையைக் கேட்க வேண்டும். நிபா பயத்தில் பழந்தின்னி வௌவால் மரங்களை வெட்டக் கிளம்புவதும் இதே ரக அவசரம்தான்.

2021-க்குப் பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களில் குடமுழுக்கு நடந்திருப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் பெருமையோடு சொன்னது. பெருமைப்படட்டும். வர்ணத்துக்கும் கலசத்துக்கும் யாகசாலைக்கும் தனித்தனியே தொகை ஒதுக்கும் திருப்பணி எஸ்டிமேட்டில், எச்சம் அகற்றுவதற்கென்று ஒரு இனத்தைச் சேர்க்க இந்து சமய அறநிலையத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். தண்ணீர் ஏற்றும் கூலி, என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி, தடித்த பை, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தாலும் ராஜகோபுரத்து வர்ணச் செலவில் ஒரு ஓரத்துக்குக் காணாது. உழவாரப் பணிக்கென்று வரும் பக்தர்களையும், கூடவே வரும் பிள்ளைகளையும் பூட்டிய நிலைகளுக்குள் அனுப்பக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கட்டும். கோடை விடுமுறைக்குப் பின் ஜூனில் திறக்கும் அரசுப் பள்ளிகளுக்கும், நெல் கிடங்குகளுக்கும், பழைய ஆவண அறைகளுக்கும் பொதுப்பணித் துறை அதையே நகலெடுத்து அனுப்பலாம்.