கடல் மட்டம் எங்கே இருக்கிறது?



மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் மலை ரயில், ஊட்டியில் 2,203 மீட்டரைத் தொடுகிறது. எங்கிருந்து அளந்த உயரம் இது? 'கடல் மட்டத்திலிருந்து' என்று சட்டெனச் சொல்லி விடுவீர்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், கடல் மட்டம் ஏதோ அசையாத கோடு என்பது போல! அது முழு உண்மை அல்ல.

சென்னை, நாகப்பட்டினம், கொச்சி உட்பட ஒன்பது கடற்கரை இடங்களில், கடல் ஏறி இறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, அதன் சராசரியைக் கொண்டுதான் 1909ல் நம் நாட்டின் உயரக் கணக்கை வகுத்தனர். அளக்கும் கருவி நின்றது கரையில். கரையே தாழ்ந்தால்? கடல் ஏறியது போலத் தெரியும். கரை உயர்ந்தால், கடல் இறங்கியது போலத் தெரியும்.

நிலம் உயருமா என்று கேட்காதீர்கள். சுவீடன், பின்லாந்து நாடுகளை ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்திக் கொண்டிருந்தது. அது உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பாட்டி எழுந்த பின் இலவம்பஞ்சு மெத்தை மெல்ல மேலெழுமே, அது போல அந்த நிலம் இன்னும் எழுந்து கொண்டிருக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு 8 மில்லி மீட்டருக்கும் மேல்!

தண்ணீரும் பாரம்தான். நம் பவானிசாகர் அணை நிரம்பினால் 32.8 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 93 கோடி டன். தென் அமெரிக்காவில் அமேசான் ஆறு பெருகி வடியும்போது, அதன் நடுப்பகுதியில் நிலமே ஆண்டுதோறும் ஏறத்தாழ 7 செ.மீ. தாழ்ந்து எழுகிறது.

இனி நம் போர் கிணறுகளுக்கு வருவோம். கொங்குச் சீமையில் ஆயிரம் அடிக்கு போர் போடுவது இப்போது யாருக்கும் வியப்பாக இல்லை. மேலே வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, ஆவியாகி, மழையாகி, பெரும்பகுதி கடைசியில் கடலுக்குப் போய் விடுகிறது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இறைத்த நிலத்தடி நீர் 2.15 லட்சம் கோடி டன் என்றும், அதனால் கடல் 6 மி.மீ. உயர்ந்தது என்றும், பூமியின் துருவமே 80 செ.மீ. நகர்ந்தது என்றும் 2023ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வடமேற்கு இந்தியாவும் அதில் பெரும் பங்கு வகித்தது.

கரையில் நிற்கும் கருவி இந்த 6 மி.மீ.யைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. கரை எவ்வளவு அசைந்தது என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் கருவிக்குப் பக்கத்தில் ஜி.பி.எஸ். வைத்து நிலத்தையும் அளக்கிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து கடலையும் அளக்கிறார்கள்.

நீங்களும் ஒன்றை அளக்கலாம். உங்கள் அப்புச்சி சிறுவனாக இருந்தபோது தோட்டத்துக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கிடந்தது? இப்போது எத்தனை அடியில்? கேட்டு, இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.