வியாபாரி போன தூது

"வியாபாரிக்கு லாப நஷ்டக் கணக்குத்தானே தெரியும்? நாட்டுக்கு நாடு தூது போகும் வேலை அவனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஜப்பானியத் தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சியின் கதையைக் கேட்க வேண்டும்.

கலிபோர்னியாவில் ஜப்பானியர் மீது துவேஷம் மூண்டிருந்த காலம். 1909-ல், தமது 69-வது வயதில், வர்த்தகர் கோஷ்டி ஒன்றுக்குத் தலைமை வகித்து அவர் அமெரிக்கா போனார். மூன்று மாதம் ரயிலில் ஊர் ஊராகச் சுற்றினார். ஆலைகளைப் பார்த்தார், மக்களோடு பழகினார்.

பலன்? 1924-ல் ஜப்பானியர் குடியேற முடியாதபடி அமெரிக்கா சட்டம் போட்டது!

கிழவர் ஓயவில்லை. 1927-ல் அமெரிக்கக் குழந்தைகள் நட்பின் அடையாளமாக 12,000-க்கு மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவற்றை வரவேற்க முன்னின்றவர் அவரே. பதிலுக்கு 58 ஜப்பானியப் பொம்மைகள் கப்பலேறின.

1931-ல் அவர் காலமானார். 1941-ல் யுத்தம் மூண்டது. 'எதிரியின் பொம்மை' என்று பலவற்றை உடைத்தார்கள், எரித்தார்கள். ஆனால் சில ஆசிரியர்களுக்கு மனம் வரவில்லை, ஒளித்து வைத்தார்கள். அப்படிப் பிழைத்தவை 300-க்கு மேல்.

தூது தோற்றதா? சர்க்கார்கள் கதவைச் சாத்தினால் வியாபாரியால் திறக்க முடியாது, உண்மைதான். ஆனால் பகை நாளிலும் பொம்மையை எரிக்க மனம் வராத நாலு பேரை அவனால் உண்டாக்க முடியும். யுத்தம் முடிந்தபின் உறவு துளிர்ப்பது அந்த நாலு பேரிடமிருந்துதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் விமானம் ஏறிவிடும் தொழிலதிபர்களே, ஒரு நாள் கூடத் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்!