தொப்பி மாட்டும் மென்பொருள்

ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடையில் சமையல் தொப்பிகள் சுவர் ஆணியில் தொங்கும். மாநகர் மன்ற வண்டி முனையில் திரும்பியதும், "டேய், ஆளு வந்தாச்சு!" என்று ஒரு குரல். அரை நிமிடத்தில் எல்லார் தலையிலும் தொப்பி ஏறிவிடும். அதிகாரி எழுதும் அறிக்கையில் பொய்யே இருக்காது. வண்டி போனதும் தொப்பி ஆணிக்குத் திரும்பிவிடும்.

மென்பொருளும் இதையே செய்கிறது. சந்தேகத்துக்குரிய கோப்பை ஆராய்பவர்கள் அதைச் சொந்தக் கணினியில் திறப்பதில்லை. கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குள் ஓடவிட்டுக் கவனிப்பார்கள். டிபக்கர் என்ற கருவியைக் கொண்டு ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தியும் பார்ப்பார்கள். கோப்பு சும்மா இருக்குமா? அதுவும் நோட்டம் விடும். தன்மேல் டிபக்கர் உட்கார்ந்திருக்கிறதா என்று விண்டோஸிடமே கேட்கும். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. வலை முகவரி விர்ச்சுவல்பாக்ஸுக்கு உரிய எண்களில் தொடங்குகிறதா? இரண்டு கட்டளைகளுக்கு நடுவே நேரம் எக்கச்சக்கமாக ஓடியிருக்கிறதா? மவுஸ் அசையவே இல்லையா? அப்படியென்றால் இது மனுஷன் புழங்கும் கணினி இல்லை. உடனே நல்ல பிள்ளையாக நடிக்கும், அல்லது தன்னை மூடிக்கொள்ளும்.

"டெக்னிக்கல் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று இலக்கிய நண்பர்கள் நழுவுகிறார்கள். நமக்குத்தான் ஐயா. 2013இல், பதின்மூன்றாவது பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேர்தல் பற்றிய மலாய் ஆவணமாக வேடமிட்ட ஒரு கோப்புக்குள் ஃபின்ஸ்பை என்ற உளவு மென்பொருள் இருந்தது. ஃபயர்பாக்ஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. அனுப்பியது யார் என்று அறிக்கை முடிவு சொல்லவில்லை. ஆனால், தயாரித்தவர்கள் அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லிவந்தார்கள். அந்தக் குடும்பத்து மென்பொருளை 2012இல் சிட்டிசன் லேபும் 2018இல் மைக்ரோசாஃப்ட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஆராய்பவரை ஏமாற்றும் வித்தைகள் அடுக்கடுக்காக இருந்தன. 2015இல் இத்தாலியின் ஹேக்கிங் டீம் நிறுவனத்தின் ஆவணங்கள் கசிந்தன. வாடிக்கையாளர் பட்டியலில் மலேசிய அமைப்புகளும் இருந்தன. திருடன் மாட்டும் தொப்பியும் பில் போட்டு விற்கும் தொப்பியும் ஒரே தையல்தான்.

"பேங்க் ஆப்பும் இதத்தானே செய்யுது? பாதுகாப்புக்குத்தான்டா" என்கிறான் உடன் வேலை செய்யும் நண்பன். நியாயமான கேள்வி. வேலைக்காக என் கைப்பேசியில் டெவலப்பர் வசதியைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு வங்கிச் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. எரிச்சல்தான். ஆனால் போலிச் செயலியால் சேமிப்பை இழந்த மனிதர்கள் நம் தாமான்களிலேயே இருக்கிறார்கள். அதோடு, அந்தச் செயலி சந்தேகத்தை முகத்துக்கு நேரே சொல்கிறது. மறுப்பது வேறு, நடிப்பது வேறு. என் சண்டை நடிப்பவனோடு.

நடிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் சாட்சி. சக்கரம் சுழல்கிறது, ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால் அது சோதனைக்கூடம் என்று காரின் மென்பொருள் கண்டுகொண்டது. அங்கே மட்டும் புகையை அடக்கியது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள். பொய் வெளிப்படத் தொடங்கியது சோதனைக்கூடத்தில் இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கருவியை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். 2015இல் குட்டு உடைந்தது.

ஆகவே, 'சோதனையில் தேறியது' என்ற சான்றிதழைக் காட்டி யாரும் என் வாயை அடைக்க வேண்டாம். நம் வரிப்பணத்தில் உளவு மென்பொருள் வாங்கினால் என்ன வாங்கினார்கள், யார்மேல் ஏவினார்கள் என்பதை நாடாளுமன்றம் கேட்க வேண்டும். மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கமும் போக வேண்டும். பார்ப்பது தெரிந்தால் மாறிக்கொள்ளும் எதையும், அது அறியாமல் பார்க்கத்தான் வேண்டும்.

அதிகாரி வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானப் பசியோடு வந்து வரிசையில் நிற்கட்டும்.