பூங்காவில் கூடும் ஊர்

டொரன்டோவில் எங்கள் ஊராரின் கோடைகால ஒன்றுகூடல். மச்சாளின் மகன் காணொளி அனுப்பியிருந்தான்: கயிறிழுத்தல், தேசிக்காய் ஓட்டம், அலுமினியத் தட்டில் கொத்துரொட்டி. இங்கே ஊரில், ஒட்டுசுட்டானில், சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொரன்டோ இருக்கும் அதே ஒன்ராறியோ மாகாணத்தில், மக்ஸ்வில் என்ற சிற்றூரில் ஸ்கொட்லாந்து வழிவந்தவர்களின் மலைநாட்டு விளையாட்டு விழா 1948இல் தொடங்கியது. முழு மரத்தடியைத் தூக்கி எறிவார்கள், பாக்பைப் ஊதுவார்கள். 1746இல் ஸ்கொட்லாந்தின் கலோடன் போரில் அரச படையிடம் தோற்றபின் அவர்களுடைய மூதாதையரின் உடையையே சட்டம் தடுத்தது; 1782இல்தான் தடை நீங்கியது. பிறகு நிலச்சொந்தக்காரர் செம்மறி வளர்க்கவென்று குடிகளைக் கிளப்பினார்கள். ஸ்கொட்லாந்து மலைநாட்டின் பல பள்ளத்தாக்குகளில் இன்று இடிந்த சுவர்தான் மிச்சம். கொண்டாட்டம் கடலுக்கு அப்பால்.

எங்கள் நிலை அதுவல்ல. கடைசிப் போரில் ஊரே இடம்பெயர்ந்தது, உண்மை. பலர் திரும்பி வந்தோம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் விளைகிறது. தான்தோன்றீஸ்வரருக்குத் திருவிழா நடக்கிறது. ஆகவே வெளிநாட்டு ஊர்ச் சங்கத்தாருக்குச் சொல்கிறேன்: காசு சேர்க்க முதல் எங்களைக் கேளுங்கள். வளைவும் பெயர்க்கல்லும் கட்டினது போதும் (பெயர்க்கல்லில் எழுத்துப்பிழை வேறு). பிள்ளைகளை ஓகஸ்டில் ஒரு மாதம் இங்கே அனுப்புங்கள். கிளித்தட்டு நாங்கள் பழக்குகிறோம்.