முதுகு வலிக்கு மருந்து எது? எந்திரமா, பயிற்சியா?

முதுகில் பிடிப்பு. குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை. உடனே வீட்டில் உள்ளவர்கள், "அசையாதே! பேசாமல் படு!" என்கிறார்கள்.

வலி போகாவிட்டால், பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே முதுகில் மின்சாரப் பெட்டியை வைத்ததும் 'சுர்சுர்' என்கிறது. "இதுதான் வைத்தியம்" என்று மனம் நம்புகிறது. கூடவே சொல்லிக் கொடுத்த பயிற்சியைப் பலர் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

இது தலைகீழான செயல்! காசு வாங்கும் எந்திரத்தைவிட, காசு கேட்காத பயிற்சிக்கே சான்று அதிகம்.

படுத்தவர்கள் கடைசி

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சின்கி. அங்கே திடீர் முதுகு வலி வந்த நகரசபை ஊழியர்கள் 186 பேரை, சீட்டுக் குலுக்குவது போல 3 பிரிவாகப் பிரித்தார்கள்.

ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை. இன்னொரு பிரிவுக்கு முதுகை அசைக்கும் பயிற்சி. மூன்றாவது பிரிவினர், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள்.

1995-ல் முடிவு வெளியானது. நன்றாகத் தேறியவர்கள், அன்றாட வேலை பார்த்தவர்களே! படுத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் குணம் அடைந்தார்கள்.

ஆகவே, புதிதாக வந்த வலிக்குத் தனிப் பயிற்சிகூட வேண்டாம். முடங்கிக் கிடக்காமல் நடமாடினாலே போதும்.

மின்சாரம் இல்லாத பெட்டி

நாள்பட்ட வலிக்கு என்ன வழி? அமெரிக்காவில் 145 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான மின்சாரப் பெட்டி. மீதிப் பேருக்கு அதே போன்ற பெட்டி. ஆனால் அதில் மின்சாரம் வராது! இரு பிரிவிலும் பாதிப் பேர் உடற்பயிற்சியும் செய்தார்கள்.

1990-ல் வெளியான முடிவு இது: ஒரு மாதத்தில், உண்மைப் பெட்டி வைத்தவர்களுக்கு 47 சதவீத முன்னேற்றம். வெறும் பெட்டி வைத்தவர்களுக்கு 42 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை!

பயிற்சி செய்தவர்களுக்கோ, செய்யாதவர்களைவிட வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. ஆனால் அடுத்த 2 மாதத்தில் பெரும்பாலோர் பயிற்சியை விட்டுவிட்டார்கள். கிடைத்த பலனும் போய்விட்டது.

இங்கிலாந்தில் 2016-ல் வந்த அரசு வழிகாட்டியும், இடுப்பு வலிக்கு இந்த மின்சாரப் பெட்டி, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, இடுப்பை இழுக்கும் சிகிச்சை ஆகியவை வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது.

அப்படியானால் பிசியோதெரபி வீணா?

இல்லை. யாருக்கு எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எப்போது கூட்டுவது என்று சொல்லிக் கொடுப்பவர் பிசியோதெரபி நிபுணரே. அந்தப் பாடத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. எந்திரத்தை மட்டும் வைத்து அனுப்பினால், "வீட்டில் என்ன பயிற்சி செய்வது?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கால் மரத்தாலோ, பலம் இழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலுடன் வலி வந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மற்ற நேரத்தில், வீட்டில் உள்ளவர்கள் "படு" என்று சொல்ல வேண்டாம். "வா, கொஞ்சம் நடக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைக்கட்டும். அதுவே நல்ல வைத்தியம்!