பழகிப்போனால் சத்தம் குறைந்துவிடுமா?

பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாதி மலை ஏறியதும் காது 'கும்'மென்று அடைக்கும். பின்சீட்டிலிருந்து ஒருவர், "பாட்டு கேட்கலைங்க, கொஞ்சம் கூட்டி வைங்க" என்பார். டிரைவரும் கூட்டுவார். நாலு வளைவு தாண்டி எச்சில் விழுங்கியதும் காது 'டப்'பென்று திறக்கும். அப்புறம் பார்க்கணுமே, பாட்டு அலறும்!

மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே அடைபட்ட காற்று, பறையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இறுகிய பறை சரியாக அதிராது. அவ்வளவுதான் விஷயம். (கைக்குழந்தையோடு போகிறவர்கள், மலை இறங்கும்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.)

சத்தத்தை அளக்க நம் காதை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். விடியற்காலையில் கோக்கர்ஸ் வாக்கில் நடப்பவருக்கு ஒரு ஏர்ஹாரன் இடிபோல விழும். அதே ஹாரனைத் தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் அடித்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சுற்றியுள்ள இரைச்சல் அதை மூடிவிடுகிறது. சீசன் நேரத்தில் கொடைக்கானல்வாசிகள் புகார் சொன்னால், "இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று சிரிக்கிறோமே, அது நியாயமில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மலைக்கும் அதேதான், சமவெளிக்கும் அதேதான்.

இந்த டெசிபல் கணக்கு நம்ம வீட்டுத் தராசு மாதிரி அல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ சுமார் இரண்டு மடங்காகத்தான் தோன்றும். மூன்று கூடினால் ஆற்றல் இரட்டிப்பு. ஆனால் காதுக்கு அது லேசாகத்தான் தெரியும்! அமெரிக்காவில் தொழிலாளர்களுக்காகப் பரிந்துரைத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். 100 ஆனால் வெறும் 15 நிமிடம்.

மைக் செட் போடும் ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது வருடத் தொழில். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, சத்தம் பழகிப்போச்சு. காதுல இரைச்சல் மட்டும்தான். ஒரு தைலம் கொடுங்க" என்றார். கூட வந்த மனைவி, "டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறாருங்க" என்றார். அவருக்குச் சத்தம் பழகவில்லை, காதுதான் தேய்ந்திருந்தது. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் செத்துவிட்டால் மறுபடி முளைக்காது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், அதற்குத் தைலம் கிடையாது. பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காதில் எண்ணெய் விடுவதும் ஆபத்து. ஆடியோகிராம் சோதனைக்கு அனுப்பிவைத்தேன்.

செல்போனில் டெசிபல் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியமில்லை, உத்தேசத்துக்கு உதவும். அதுவும் இல்லையா? கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். திருவிழாவில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் நிற்கவே நிற்காதீர்கள்.

அந்த மைக் செட்காரர் இப்போது தொழிலை மகனிடம் விட்டிருக்கிறார். மகனுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். "போட மாட்டேங்கிறானுங்க, பழகிப்போச்சுங்கிறான்" என்று போன வாரம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.