எண்ணும் காலமும்

அன்றைய வீரர் பெரியவரா, இன்றைய வீரர் பெரியவரா என்னும் வழக்கு விளையாட்டு உள்ள நாடெங்கும் உண்டு. அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டத்திலோ அவ்வழக்குக்கு முடிவேயில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே ஆட்டக் கணக்குகள் ஏட்டில் ஏறிவருகின்றன. கணக்கு இருந்தால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால், பந்து வீச்சாளரைப் பொறுத்தவரை அக்கணக்கே வழக்கை வளர்க்கின்றது.

சை யங் என்பார் 1890 முதல் 1911 வரை வீசி 511 வெற்றிகளை ஈட்டினார். ஆண்டுக்கு 20 வெற்றியாக 25 ஆண்டுகள் தொடர்ந்து பெற்றாலும் 500 தான் வரும். மிகச் சிறந்த வீச்சாளருக்குரிய ஆண்டு விருது 1956 முதல் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அப்படியாயின் அவரே தலைசிறந்தவரா?

அவசரப்படலாகாது. அக்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய வீச்சாளரே பெரும்பாலும் அதனை முடித்தும் வைத்தார். யங் அவ்வாறு முடித்தவை 749 ஆட்டங்கள். இன்றோ தொடங்கியவர் பாதியில் விலக, வேறு பலர் வந்து முடிக்கின்றனர். அன்று ஒரே பந்து அழுக்கேறி, மென்மையாகும் வரை பாவிக்கப்பட்டது. அதில் எச்சில் தடவி வீசவும் இடமிருந்தது. 1920 இல் எச்சிற் பந்து தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே அவ்வாறு வீசிவந்த சிலருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அதே ஆண்டில் ரே சப்மன் என்னும் வீரர் தலையிற் பந்து பட்டு இறந்தார். அதன் பின்னர் அழுக்கேறிய பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் உறுதிப்பட்டது. துடுப்பாட்டக்காரர் கை ஓங்கியது.

ஆதலால் ஒருவரை அவர் காலத்தவரோடு ஒப்பிட்டு நிறுப்பதே நேர்மையான வழி. பிறர் பிழையாலன்றித் தம் வீச்சினாலேயே ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பதே வீச்சாளரின் சராசரி. 1968 இல் பொப் கிப்சனின் சராசரி 1.12, 2000 இல் பெட்ரோ மார்ட்டினெஸின் சராசரி 1.74. மேலோட்டமாகப் பார்த்தால் கிப்சனே வென்றார். எனினும் 1968 வீச்சாளர்களின் பொற்காலம். அவர்களுடைய ஆதிக்கத்தைக் குறைக்கவே, மறு ஆண்டில் வீச்சு மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக்கப்பட்டது. கிப்சனுடைய லீக்கின் சராசரி அன்று 2.99, மார்ட்டினெஸுடைய லீக்கிலோ 4.91. மற்றையோர் நூறு ஓட்டம் கொடுத்த இடத்திற் கிப்சன் ஏறக்குறைய 37 கொடுத்தார். மார்ட்டினெஸ் 35 தான் கொடுத்தார். தராசு மெல்ல மறுபக்கம் சாய்கின்றது. ஆயினும் கிப்சன் அவ்வாண்டில் 304 இன்னிங்ஸுக்கு மேல் உழைத்தார். மார்ட்டினெஸ் உழைத்தது 217. திறமைக்கு ஒரு நிறை, உழைப்புக்கு ஒரு நிறை என்று இரண்டையும் வைத்தே தீர்ப்புக் கூறவேண்டும்.

இந்தத் தராசிலும் ஏறாத ஒன்று உண்டு. கறுப்பின வீரர்கள் நெடுங்காலம் பெரிய லீக்குகளிற் சேர்க்கப்படவில்லை. 1947 இல் ஜக்கி ரொபின்சன் களமிறங்கிய பின்னரே அந்தத் தடை உடைந்தது. ஒப்பற்ற வீச்சாளரெனப் புகழ்பெற்ற சச்சல் பேஜ் 1948 இலேயே அங்கே நுழைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 42. அந்த வயதிலும் அவ்வாண்டில் ஆறு வெற்றி பெற்று ஒரு தோல்வியே கண்டார். இளமையில் அவர் வீசிய ஆட்டங்கள் பலவற்றுக்கு முறையான ஏடு இல்லை. கறுப்பின லீக்குகளின் கணக்குகள் 2024 இலேதான் பெரிய லீக்கின் ஏடுகளுடன் சேர்க்கப்பட்டன.

இதனால் நட்டமடைந்தவர் பேஜ் மட்டுமல்லர். யங்கும், 417 வெற்றி பெற்ற வோல்டர் ஜோன்சனும் தம் லீக் ஆட்டங்களிற் சிறந்த கறுப்பினத் துடுப்பாட்டக்காரரை எதிர்கொள்ளவேயில்லை. கதவை அடைத்தபோது வெளியே நின்றவரின் புகழ் மறைந்தது. உள்ளே நின்றவரின் புகழும் முழுமையாகச் சோதிக்கப்படாது போயிற்று.

மாணவர்களே, எண் பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு மாத்திரமே அது விடை சொல்லும். யார் பெரியவர் என்று கேட்குமுன், எந்தக் காலத்தில், எந்த விதியின் கீழ், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். ஆட அனுமதிக்கப்படாதவர் யார் என்பதையும் மறவாது கேளுங்கள்.